சீனக்குடா வரைக்காவது

வீட்டை விட்டு வெளிக்கிட்ட ஒருவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது என்பது என் மாமியின், அதாவது என் கணவரின் அம்மாவின், சட்டம். கூப்பிட்டால் போகிற காரியம் நடக்காது, பாதி வழியில் திரும்பித்தான் வரவேண்டும் என்பார். இதை நம்புகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மாமி அளவுக்குக் கடைப்பிடித்த ஒருவரை நான் காணவில்லை. வீட்டு வாசல் படலையைத் தாண்டி நான்கு அடி வைத்துவிட்டால் போதும், அதன் பிறகு நான் இரண்டு கால்களுக்கும் இரண்டு சோடிச் செருப்பில் ஒவ்வொன்றைப் போட்டுக்கொண்டு போனாலும் அவர் வாய் திறக்க மாட்டார்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டு வேலைக்கு, கந்தோருக்குப் போய்விட்டேன். மாமி குசினி யன்னலால் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறார். கூப்பிடவில்லை. அரை மணித்தியாலம் கழித்துச் சாப்பாட்டுப் பெட்டியோடு பஸ் ஏறிக் கந்தோர் வாசலில் வந்து நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஒரு போன் அடிச்சிருக்கலாமே மாமி?"

"போனும் பின்னால கூப்பிடுறதுதானே, பிள்ளை" என்றார்.

கந்தோரில் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்.

மாமி வெருகலில் பிறந்து வளர்ந்தவர். மாமா போனபின் அங்கே தனியாக இருக்க வேண்டாம் என்று என் கணவர்தான் திருகோணமலையில் எங்கள் உப்புவெளி வீட்டுக்குக் கூட்டிவந்தார். ஒன்பது வருடங்கள் என் வீட்டில் இருந்தார். நல்லவர் என்று இன்றைக்கு எழுதுவது சுலபம். அன்றைக்கு எனக்கு அவரைக் கண்டால் கோபம் ஏறிக்கொண்டுதான் வரும். நான் கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டுவார். அடுப்பில் கறி கொதிக்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் மூடுவார். அந்த மூடுகிற விதத்திலேயே உப்பு கூடவா குறையவா என்று தெரிந்துவிடும். நான் அரசாங்கக் கந்தோரில் ஒரு எழுவினைஞர், கிளார்க். காலை முதல் மாலை வரை காகிதக் கோவைகளோடும் சனங்களோடும் மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள். வீட்டிலும் என் வேலையை ஒருவர் மேற்பார்வை செய்வதை என்னால் தாங்க முடியவில்லை.

மாமி தன் வாழ்நாளில் ரயில் ஏறியதே இல்லை. வெருகல் பக்கம் தண்டவாளம் கிடையாது. பஸ்ஸும், முந்தி ஆற்றைக் கடந்த படகும்தான் அவருக்குத் தெரியும். ரயிலை அவர் 'கோச்சி' என்றுதான் சொல்லுவார். காற்று எங்கள் பக்கம் வீசுகிற நாட்களில் விடிகாலையில் அதன் ஊதல் லேசாகக் கேட்கும். விளக்குமாற்றை நிறுத்திவிட்டு, "கோச்சி வெளிக்கிட்டுது" என்று தனக்குத்தானே சொல்லுவார். ஒருநாள் கூட, என்னையும் ஒருக்கா ஏற்று என்று கேட்கவில்லை. கேட்காதவருக்கு ஆசை இல்லையென்று நானாக நினைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஆவணி விடுமுறைக்கு எங்கள் கந்தோரில் நுவரெலியாவுக்குச் சுற்றுலா போவதென்று முடிவானது. மூன்று நாட்கள். சர்க்கிட் பங்களா என்கிற அரசாங்க விடுதி ஒன்று மாதக்கணக்கில் அலைந்து கிடைத்திருந்தது. வழக்கமாக வான் பிடித்துப் போகிறவர்கள் நாங்கள். இந்த முறை பிள்ளைகள் ரயில்தான் வேண்டுமென்று அடம்பிடித்தார்கள். அரசாங்க உத்தியோகத்தருக்குக் கிடைக்கிற இலவச ரயில் வாறண்டுகளும் எல்லோரிடமும் பாவிக்காமல் கிடந்தன. வாறண்டுகளைச் சேர்த்து, ஸ்டேசனில் கொடுத்து, பதினாறு பேருக்கும் டிக்கெட்டாக மாற்றி எடுக்கிற பொறுப்பை எங்கள் பிரதம எழுவினைஞர் என் தலையில் கட்டினார்.

மாமி கேட்டார், "ஆரார் போறியள்?"

"வாறண்டில கந்தோர் ஆக்களும் அவையின்ர மனுசி, மனுசன், பிள்ளையளும் மட்டும்தான் போகலாமாம் மாமி" என்றேன்.

பொய் என்று சொல்ல முடியாது. வாறண்டில் அப்படித்தான். ஆனால் யாரும் ஸ்டேசன் யன்னலில் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட வரலாம் என்பதை நான் சொல்லவில்லை. என் கணவர் கேட்டபோது வேறு மாதிரிச் சொன்னேன். "அம்மாவைக் கேட்டனான். குளிர் ஒத்துவராதாம், வரமாட்டாவாம்." இது முழுப்பொய். நான் கேட்கவே இல்லை. எனக்கு மூன்று நாட்கள் வேண்டியிருந்தன. யாரும் மூடி திறந்து பார்க்காத மூன்று நாட்கள். இதை என் கணவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர் அறியப்போகிறார்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, டிக்கெட்டுகள் இருந்த மண்ணிற உறையைச் சாமி அறையில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். பயணம் நல்லபடி அமைய வேண்டும் அல்லவா. காலையில் விளக்கேற்றி, கும்பிட்டு, திருநீறு பூசி, மகளுக்கும் பூசிவிட்டு, உறையைப் பிள்ளையாரிடமே விட்டுவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

ஸ்டேசனில் எல்லோரும் வந்திருந்தார்கள். பிரதம எழுவினைஞர் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிடந்த நீள மர வாங்கில் அவருடைய அம்மா, எண்பதைத் தாண்டியவர், வெயில் ஏறத் தொடங்கிவிட்ட அந்தக் காலையிலேயே நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, மடியில் சுடுதண்ணிப் போத்தலோடு இருந்தார். அவரைக் கண்டதும் எனக்கு உள்ளே ஏதோ ஒன்று குத்தியது. மகன் தனியாக ஒரு டிக்கெட் வாங்கிக் கூட்டிவந்திருக்கிறார். என் கணவர் பார்த்துவிட்டு, "பார், இவ இந்த வயதில வாறா" என்றார். நான் கைப்பையைக் கிளறத் தொடங்கினேன். உறையைத் தேடுவதுபோல்தான் தொடங்கினேன். பிறகுதான் உண்மையிலேயே உறை இல்லையென்று தெரிந்தது.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். ரயிலுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். இந்த ரயிலில் கல்ஓயாவுக்குப் போய், அங்கே மட்டக்களப்பிலிருந்து வருகிற கொழும்பு ரயிலுக்கு மாற வேண்டும். அதில்தான் எங்கள் ஆசனங்கள். விடுமுறைக் காலம், வேறு ஆசனம் ஒன்றுக்கும் வழியில்லை. இதை விட்டால் பங்களாவும் போச்சு, பயணமும் போச்சு. பதினைந்து முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மூன்று முறை எடுத்தேன். "இந்த மனுசிக்கு ஒரு போன் வாங்கிக் குடுத்து என்ன பிரயோசனம்" என்று எல்லோருக்கும் கேட்கக் கத்தினேன். என் கணவர் வெளியே ஓடி, கண்ட ஓட்டோவில் ஏறி வீட்டுக்குப் போனார்.

அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். மேடையின் மற்ற முனையிலிருந்து யாரோ வேகமாக நடந்துவருவது தெரிந்தது. வீட்டுச் சீலை, ஈரம் காயாத தலை, கையில் மண்ணிற உறை. மாமி.

நாங்கள் வெளிக்கிட்ட கையோடு சாமி அறைக்குள் போய் உறையைக் கண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு ஓட்டோவைப் பிடித்து, நாங்கள் போன வழியால் வராமல் கடற்கரைப் பக்கத்து வீதியால் சுற்றி வந்திருக்கிறார். ஸ்டேசனுக்குள் வந்தபின்னும் எங்கள் முதுகுப்பக்கம் வராமல், மேடை ஓரமாக ஒதுங்கி நடந்து, எங்களைத் தாண்டிப் போய், திரும்பி, என் முகத்துக்கு நேரே வந்தார். போன் வீட்டில் மேசையில் கிடந்து அடித்திருக்கிறது.

"இந்தா பிள்ளை" என்று நீட்டினார். மூச்சு வாங்கியது.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் என்பது ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது.

"போன் ஒண்டு அடிச்சிருந்தா நாங்கள் பாதி வழியில திரும்பியிருப்பம்! இப்ப அவர் உங்களைத் தேடி வீட்டை ஓடிப்போட்டார். அவர் வர முதல் ரயில் போகப்போகுது. எல்லாம் உங்கட மூடத்தனத்தால!"

மறந்தவள் நான். கொண்டுவந்தவர் அவர். பதினைந்து பேருக்கு முன்னால் பேச்சு வாங்கியவரும் அவர்தான்.

"வெளிக்கிட்ட ஆக்களைப் பின்னால கூப்பிடக் கூடாது, பிள்ளை. பிறகு மலையில ஏதும் நடந்தா?" என்று மட்டும் சொன்னார்.

என் கணவருக்குப் போன் எடுத்தேன். வீட்டுப் படலையடியில் நிற்கிறாராம். உடனே திரும்பச் சொன்னேன். இனி அவர் வந்து சேர வேண்டும். ரயில் வந்து நின்றுவிட்டது. பிள்ளைகள் ஏறி யன்னல்களுக்குச் சண்டை பிடித்தார்கள். பெட்டிகள் ஏறின. நான் கீழே நின்றேன். மாமியும் நின்றார்.

அப்போதுதான் அவர் அந்த வாங்கைப் பார்த்தார். பிரதம எழுவினைஞர் தன் தாயைக் கைத்தாங்கலாக எழுப்பிக்கொண்டிருந்தார்.

"நீங்களும் வாறியளா?" என்று அந்த அம்மா மாமியைக் கேட்டார். "வாங்கோவன். எனக்கும் கதைக்க ஒரு ஆள்."

மாமி திரும்பி என்னைப் பார்த்தார். கோபமான பார்வை என்றால் நான் சமாளித்திருப்பேன். கணக்குப் பிழைத்த பிள்ளை விடையைப் பார்க்கிறமாதிரி, அந்தக் கம்பளிச் சட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. விளங்கியதை நான் கண்டேன்.

பிரதம எழுவினைஞருக்கு இது ஒன்றும் தெரியாது. நல்ல மனிதர். "அதுதானே, ஏறுங்கோ அம்மா! ஒரு டிக்கெட் இப்பவே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன். கல்ஓயாவுக்கு அங்கால நெருங்கி இருப்பம், பிள்ளையளை மடியில வைக்கலாம்" என்றார்.

மாமியின் கை பெட்டிக் கதவின் கம்பியில் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. இரும்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் முறையாக ரயிலைத் தொடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஏறுங்கோ மாமி என்ற இரண்டு சொல் போதும். அது என் தொண்டை வரை வந்ததா என்றால், இல்லை, வரவில்லை. உண்மையைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

"மாத்துச் சீலை ஒண்டும் கொண்டு வரேல்லையே" என்றேன் அவசரமாக.

கை கம்பியிலிருந்து இறங்கியது.

"ஓம் ஓம். வீட்டையும் சும்மா சாத்திப்போட்டு வந்தனான். நீங்கள் போட்டு வாங்கோ" என்றார், எனக்கல்ல, பிரதம எழுவினைஞருக்கு.

கார்ட் ஊதினார். எங்கள் ஆள் ஒருவர் வரவேண்டும், ஒரே ஒரு நிமிடம் என்று பிரதம எழுவினைஞர் கெஞ்சினார். "எனக்கு ஏலாது" என்று சொன்ன கார்ட், சொல்லிவிட்டுப் பச்சைக் கொடியை மடித்து மறுபடி விரித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதனின் புண்ணியம்தான். வாசலால் என் கணவர் ஓடிவந்தார். நான் ஏறினேன். ரயில் அசைகிறபோது அவரையும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். பிள்ளைகள் கைதட்டிக் கத்தினார்கள். சுற்றுலா முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை கிடைத்துவிட்டது அவர்களுக்கு.

மூச்சிரைக்க வாசலில் நின்றபடியே அவர் தாயைக் கண்டார். மாமி ரயிலோடு கூடவே நடந்துவந்துகொண்டிருந்தார்.

"அம்மா! குளிர் எண்டு சொல்லிப்போட்டியளாம். இல்லாட்டி உங்களையும் கூட்டிக்கொண்டு போயிருப்பனே!"

நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் இரண்டு பொய்களும் அந்த மேடையில் ஒன்றையொன்று சந்தித்தன. மாமி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், என் மானம் அங்கேயே போயிருக்கும்.

"ஓம் தம்பி" என்றார். "எனக்குக் குளிர் ஒத்துவராது."

என்னைப் பார்க்கவில்லை. மேடை முடிகிற இடத்தில் நின்றுவிட்டார்.

வண்டி துறைமுகத்தை வளைத்துக்கொண்டு சீனக்குடாவை நோக்கிப் போனது. ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர், காலை வெயிலில் கண் கூசியது. பிள்ளைகள் கப்பல்களைக் காட்டிக் கத்தினார்கள். மகள் என் சீலையைப் பிடித்து இழுத்து, "அந்த மாமாட அம்மா வாறாதானே, எங்கட அப்பம்மா மட்டும் ஏன் வரேல்ல?" என்று கேட்டாள். யன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே என்று அவளை அதட்டினேன். அவள் கையை நீட்டியிருக்கவில்லை.

நுவரெலியாவில் மூன்று நாளும் மழை. நான் கேட்ட நிம்மதி கிடைத்தது, அதை வைத்து என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பங்களாக் குசினியில் நான் கறி வைத்தேன். யாரும் மூடி திறக்கவில்லை. உப்பு கூடிப்போயிருந்தது. மாமிக்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை வாங்கிவந்தேன். திருகோணமலை வெக்கையில் அதை எங்கே போடுவது? "வடிவாயிருக்கு" என்று சொல்லி அலுமாரியில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சட்டையைக் கொடுக்கும்போது, "அடுத்த முறை உங்களையும் கூட்டிக்கொண்டு போறன் மாமி" என்றேன். "மலைக்கெல்லாம் வேண்டாம்" என்றார். "சீனக்குடா வரைக்காவது ஒருக்கா ஏத்திக்கொண்டு போ. திரும்ப பஸ்ஸில வருவம்." ஒன்பது வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒன்றே ஒன்று அது.

சீனக்குடா அடுத்த ஸ்டேசன். போய்வர ஒரு காலைப்பொழுது போதும். எந்த ஞாயிற்றுக்கிழமையும் செய்திருக்கலாம். இந்தக் கிழமை மகளுக்கு ரியூசன், அடுத்த கிழமை ஒரு கலியாண வீடு, அதற்கடுத்த கிழமை எனக்குத் தலையிடி. சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒன்றரை வருடம் இப்படியே போனது. பிறகு மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. அதன்பிறகு அவர் எழும்பி நடக்கவில்லை.

படுக்கையில் இருந்தவரை நான்தான் பார்த்தேன். கழுவித் துடைத்து, சோறு குழைத்து ஊட்டி, எல்லாம் செய்தேன். ஊரெல்லாம் மெச்சியது. ஒருநாள் சீப்பால் அவருக்குத் தலை இழுத்துவிடும்போது என்னால் தாங்க முடியாமல், "மாமி, அண்டைக்கு ஸ்டேசனில..." என்று தொடங்கினேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "உன்ர முகத்திலயே எழுதி ஒட்டியிருந்தது." பிறகு, "மூண்டு நாளும் நானும் உன்ர குசினியில நிம்மதியாத்தான் இருந்தனான்" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் தலைக்குப் பின்னால் இருந்தபடியால் அவருக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். மன்னித்துவிட்டாரா என்று கேட்க வாய் வரவில்லை.

ஒரு மாசி மாதத்தில் போனார். அதிகாலையில், காற்று எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தபோது.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலையோடு நின்றுவிட வேண்டும். என் கணவர் கொள்ளிக்குடத்தோடு முன்னால் நடக்க, பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டிக்குள் கால்மாட்டில் அந்தச் சிவப்புச் சட்டையை மடித்து வைத்திருந்தேன். பெண்கள் தலைவிரி கோலமாய் அழுதார்கள். நான் அழவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டி படலையைத் தாண்டியது. நான்கு அடி போனது.

அவர் சொல்லித்தந்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. வெளிக்கிட்டவரைப் பின்னால் கூப்பிட்டால் போகிற காரியம் நடக்காது. பாதி வழியில் திரும்பித்தான் வரவேண்டும்.

வீதிக்கு இறங்கி, தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "மாமி! நில்லுங்கோ மாமி!"

என்னைப் பின்னால் பிடித்து இழுத்தார்கள். திரும்பவும் கூப்பிட்டேன். தூக்கிக்கொண்டு போனவர்கள் ஒருவரும் நிற்கவில்லை. சந்தியில் திரும்பி, கடற்கரைப் பக்கத்து வீதியால் போய்விட்டார்கள்.